பூனை புழுவைக் கக்குகிறது, ரத்தம் நார்மல். நாய்க்குட்டி மலத்தில் ஒன்றுமில்லை, இயோசினோபில் 19. எந்த ரிப்போர்ட்டை நம்ப?

சுத்தமல்லி மதி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் எட்டு வார நாய்க்குட்டி ஒன்று, கன்னி என்ற நாட்டு வேட்டை நாய் இனம், இருக்கிறது, தம்பி கோவில்பட்டிப் பக்கத்தில் ஒருவரிடம் வாங்கி வந்தான். அப்புறம் ஐந்து மாதப் பூனைக்குட்டி ஒன்று, அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நாய்க்குட்டிக்கு வயிறு மட்டும் உப்பிக்கொண்டு விலா எலும்பு தெரிகிறது, ராத்திரியானால் இருமல். பூனை போன வாரம் அடுக்களையில் கக்கியது, அதில் வெள்ளையாக ஒரு புழு, வேக வைத்த சேமியா மாதிரி, ஒரு விரல் நீளம், இரண்டு முனையும் கூராக, சுருண்டு நெளிந்துகொண்டு கிடந்தது. பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

இரண்டையும் ஒரு கிளினிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்துப் பக்கத்து லேப்புக்கு அனுப்பினார்கள், மனிதர்களுக்குப் பார்க்கிற லேப்தான். நாய்க்குட்டியின் மலமும் பார்த்தார்கள். நாய்க்குட்டிக்கு ஹீமோகுளோபின் 8.4, வெள்ளை அணு 21,800, அதில் புழு, அலர்ஜி இருந்தால் ஏறுகிற இயோசினோபில் என்ற வகை 19 சதவீதம், பிளேட்லெட் 2.6 லட்சம், ரத்தப் புரதமான ஆல்புமின் 2.0, ஈரலைக் காட்டுகிற எஸ்ஜிபிடி 128 என்று வந்திருக்கிறது. மலத்தில் புழு முட்டை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். பூனைக்கு வெள்ளை அணு 11,200, இயோசினோபில் வெறும் 4 சதவீதம், ஹீமோகுளோபின் 9.8. ரிப்போர்ட்டில் பாதிக்கு மேல் தடித்த எழுத்தில் 'குறைவு', 'அதிகம்' என்றே இருக்கிறது.

கண்ணால் புழுவைப் பார்த்த பூனைக்கு ரத்தத்தில் ஒன்றுமில்லை, மலத்தில் ஒன்றுமில்லாத நாய்க்குட்டிக்கு ரத்தம் இப்படிக் கத்துகிறது. எதை வைத்து முடிவு செய்ய? குட்டியை விற்றவர் அந்த வாரத்தில்தான் பூச்சி மருந்து ஊற்றியதாகச் சொன்னார், என்ன மருந்து என்று அவருக்கும் தெரியவில்லை, ஏதோ மஞ்சள் சிரப் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப் ரஹ்மத்

மதி அக்கா, முதலில் அந்தத் தடித்த எழுத்தை விடுங்கள். மனிதர்களுக்கான லேப்பில் மிஷின் எண்ணைச் சரியாகவே தந்தாலும் பக்கத்தில் அச்சாகிற அளவு மனிதர்களுடையது. ஆம்பளைக்கு 13க்கு மேல், பொம்பளைக்கு 12க்கு மேல் என்ற கணக்கில் உங்கள் பூனையை அளந்தால் அது ரத்தசோகை என்றுதான் வரும். பூனைக்கு ஹீமோகுளோபின் ஏறக்குறைய 8 முதல் 15 வரை இயல்பு, ஆக 9.8 என்பது கவலைப்படுகிற எண் கிடையாது. பூனையின் சிவப்பணுவே மனிதருடையதைவிட நன்றாகச் சின்னது, அதனால் சிவப்பணுவின் பருமனைச் சொல்கிற எம்சிவி என்ற இடத்திலும் 'குறைவு' என்று போட்டிருப்பார்கள், அதையும் பார்த்துப் பதற வேண்டாம்.

இரண்டாவது, சதவீதத்தைப் பார்க்காதீர்கள், மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள். வெள்ளை அணு 21,800, அதில் 19 சதவீதம் என்றால் 4,142. நாய்க்கு இது சாதாரணமாக 1,250, மிஞ்சிப் போனால் 1,500க்குள் இருக்க வேண்டும். அதாவது உங்கள் குட்டிக்கு நிஜமாகவே ஏறியிருக்கிறது. பூனைக்கு 11,200இல் 4 சதவீதம் 448, அது இயல்புக்குள். சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், வெள்ளை அணு மொத்தமே 5,000 இருக்கிற நாய்க்கு 15 சதவீதம் என்று வந்தாலும் அது 750தான்.

இன்னொன்று, மிஷின் பிரித்துத் தந்த கணக்கா, இல்லை ஸ்லைடில் தேய்த்துச் சாயம் போட்டு ஆள் உட்கார்ந்து எண்ணியதா என்று கேளுங்கள். மனித ரத்தத்துக்கு அமைத்த மிஷின் நாய், பூனையின் இயோசினோபிலைத் தவறாகப் பிரிக்கும். நாயின் இயோசினோபிலில் துகள்கள் உருண்டையாக, பெரிதும் சிறிதுமாக ஆரஞ்சு நிறத்தில் கிடக்கும். பூனையில் அது சின்னச் சின்னக் குச்சியாக நெருக்கமாக இருக்கும். கிரேஹவுண்டில் துகளில் சாயமே ஏறாமல் வெற்றுக் குமிழியாகத் தெரிவதும் உண்டு, பழக்கமில்லாதவர் அதை வேறு அணு என்று விட்டுவிடுவார், அதனால் நம் வேட்டை நாய்களின் ரத்தத்தையும் நாய் ஸ்லைடு பார்த்துப் பழகியவரிடம் கொடுப்பதுதான் நல்லது. பூனைக்குப் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், மிஷின் அதைக் குறைவு என்று அடித்துவிடும். ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் எடுத்து எவ்வளவு நேரம் கழித்து ஓட்டினார்கள் என்பதும் முக்கியம், நம் ஊர் வெயிலில் பையில் வைத்து மதியம் வரை சுற்றினால் அணுவெல்லாம் வீங்கி உருமாறிவிடும். நான் சொல்வது எண்ணைப் பற்றி மட்டும்தான், நோயைப் பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அம்பை கால்நடை மருத்துவர்

ரஹ்மத் தம்பி சொன்னது அத்தனையும் சரி. மதி, உங்கள் இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை, புழு எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

உருண்டைப்புழுவின் முட்டையை விழுங்கினால் அது குடலில் பொரிந்து, குஞ்சுப் புழு அங்கேயே நிற்காமல் குடல் சுவரைத் துளைத்து ரத்தம் வழியாக ஈரலுக்குப் போகும், அங்கிருந்து நுரையீரலுக்கு, அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியாக மேலேறி இருமலில் தொண்டைக்கு வந்து மறுபடி விழுங்கப்பட்டு, அதற்கப்புறம்தான் குடலில் தங்கிப் பெரிதாகும். இந்தப் பயணம் முழுக்க அது உடம்பின் சதைக்குள் இருக்கிறது, உடம்புக்கு அது அந்நியன், அதன் தோலிலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் புரதத்துக்கு எதிராகத்தான் எலும்பு மஜ்ஜை இயோசினோபிலை அள்ளி விடுகிறது. நாய்க்குட்டியின் ராத்திரி இருமல் நுரையீரல் வழியாகப் போகிற புழுவால் இருக்கலாம், எஸ்ஜிபிடி கொஞ்சம் ஏறியது ஈரல் வழியாகப் போனதால் இருக்கலாம். இந்தக் கட்டத்தில் குடலில் முட்டையிடும் புழு இல்லாவிட்டால் மலத்தில் முட்டை எப்படி வரும்? விற்றவர் ஊற்றிய மஞ்சள் சிரப் பெரும்பாலும் பைரன்டெல் ஆக இருக்கும், அது குடலில் இருக்கிற பெரிய புழுவைத் தள்ளிவிடும், ஈரலிலும் நுரையீரலிலும் சுற்றுகிறதைத் தொடாது. ஆக மலம் சுத்தம், ரத்தம் சத்தம் என்பது மருந்து கொடுத்த சில நாளில் எதிர்பார்க்கிறதுதான்.

பூனைக்கு நேர் எதிர். குடலுக்குள் வளர்ந்து தங்கிவிட்ட புழு சதைக்குள் இல்லை, குடலில் உணவோடு மிதந்துகொண்டிருக்கிறது, உடம்பு அதைப் பெரிதாக எதிர்ப்பதில்லை. பழைய தொற்றில் இயோசினோபில் இயல்புக்கே இறங்கிவிடும். போதாததற்குப் பூனையைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோனால் பயத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், கார்ட்டிசால் ஏறினால் ரத்தத்தில் இயோசினோபில் குறையும். சொறிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்ட நாய்களுக்கும் இப்படித்தான் ரிப்போர்ட் நல்லதாக வரும். கண்ணால் புழுவைப் பார்த்தீர்கள் என்றால் பூனைக்குப் புழு இருக்கிறது, அதற்கு எந்த ரத்தப் பரிசோதனையும் சாட்சி சொல்லத் தேவையில்லை.

இனி ஹீமோகுளோபின். நாய்க்குட்டிக்கு 8.4 என்றதும் பயப்படாதீர்கள், பிறந்த குட்டிக்கு முதல் சில வாரங்களில் ரத்தம் தானாகவே இறங்கும், இரண்டு மாதத்தில் 9, 10 என்று இருந்தாலே இயல்பு, வளர்ந்த நாயின் 12 முதல் 18 என்ற அளவை இதற்குப் போடக்கூடாது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் பார்த்திருந்தால் அதுவும் அதிகமாகத்தான் வந்திருக்கும், வளரும் எலும்பிலிருந்து வருவது அது. ஆனால் 8.4 கொஞ்சம் குறைவுதான், ஆல்புமின் 2.0 என்பதும் குட்டிக்கே குறைவு, வயிறு உப்பி விலா தெரிவதோடு சேர்த்துப் பார்த்தால் சத்து உடம்பில் ஒட்டவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உருண்டைப்புழு ரத்தம் குடிப்பதில்லை. அது தனியாக ரத்தத்தை மோசமாக இறக்குவது அபூர்வம். ரத்தம் குடிப்பது கொக்கிப்புழு, அதுவும் இயோசினோபிலை ஏற்றும், ஆல்புமினை இறக்கும், நம் பக்கத்துக் குட்டிகளில் இரண்டும் சேர்ந்தே இருப்பது சகஜம். ஈறு வெளுத்திருக்கிறதா, மலம் கறுத்துத் தார் நிறத்தில் போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அப்படி இருந்தால் நாளை வரை காத்திருக்கவே கூடாது, கொக்கிப்புழுவில் குட்டி ஓரிரு நாளில் போய்விடும். உண்ணி, தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள், தெள்ளுப்பூச்சிக் கடி அலர்ஜியிலேயே இயோசினோபில் ஏறும். உண்ணிக் காய்ச்சலில் வழக்கமாகப் பிளேட்லெட் விழும், உங்கள் குட்டிக்கு 2.6 லட்சம் இருப்பது கொஞ்சம் ஆறுதல். இதயப்புழுவா என்று யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள், கொசு கடித்து அந்தப் புழு வளர்ந்து ரத்தத்தில் தெரிய ஆறு மாதம் ஆகும், எட்டு வாரக் குட்டிக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மலத்தை மறுபடி பாருங்கள், ஆனால் வெறுமனே தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு பார்ப்பது போதாது. அடர் உப்புக் கரைசலில் முட்டையை மிதக்க வைத்துப் பார்க்கும் முறையைக் கேளுங்கள், சாதாரண ஸ்மியரில் தப்புகிறது இதில் அகப்படும்.

தச்சநல்லூர் பூரணம்

எங்க ஆச்சி காலத்தில் லேப்பும் கிடையாது சிரப்பும் கிடையாது. பூண்டு நாலு பல்லை நசுக்கி மோரில் கலந்து வாரத்துக்கு ஒருதரம் கொடுப்பாங்க, நாய் பூனை எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. சின்னக் குட்டிக்கு ஏன் இவ்வளவு மருந்து? அப்படி மருந்துதான் வேணும்னா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அல்பெண்டசோல் மாத்திரையில் கால் பங்கு உடைச்சுக் கொடுங்க மதி, வீட்டிலேயே கிடக்கும்.

அம்பை கால்நடை மருத்துவர்

பூரணம் அக்கா, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இந்த இரண்டையும் தயவுசெய்து யாரும் கொடுக்க வேண்டாம், இதைப் படிக்கிற வேறு யாரும் செய்துவிடக்கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன். பூண்டும் வெங்காயமும் நாய், பூனையின் சிவப்பணுவைச் சிதைக்கும், பூனைக்கு அது இன்னும் மோசம், அதன் ஹீமோகுளோபின் அப்படிப்பட்டது. ஏற்கனவே 8.4இல் இருக்கிற குட்டிக்குப் பூண்டு கொடுத்தால் புழு சாகாது, ரத்தம்தான் இன்னும் இறங்கும், அதைப் பார்த்துவிட்டு புழுவால்தான் ரத்தம் குறைந்தது என்று மறுபடி பூண்டு கொடுப்பார்கள். அல்பெண்டசோல் மனிதருக்கு நல்ல மருந்து. நாய்க்கும் பூனைக்கும் எலும்பு மஜ்ஜையையே அடக்கிவிடக்கூடியது, வெள்ளை அணு, சிவப்பணு, பிளேட்லெட் மூன்றும் சேர்ந்து விழுந்த சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. அளவு தெரியாமல் உடைத்துக் கொடுப்பது அதைவிட ஆபத்து. நாய், பூனைக்குப் பைரன்டெல், ஃபென்பெண்டசோல் என்று பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன, விலையும் ஒன்றும் பெரிசில்லை. ஃபென்பெண்டசோலைத் தொடர்ந்து சில நாள் கொடுத்தால் சதைக்குள் சுற்றுகிற குஞ்சுப் புழுக்களிலும் ஓரளவு வேலை செய்யும், அதை எத்தனை நாள், எவ்வளவு என்று எடை பார்த்துத்தான் தர வேண்டும்.

தச்சநல்லூர் பூரணம்

சரி டாக்டர், பூண்டு விஷயம் எனக்குத் தெரியாது. எங்க தெருவில் இன்னும் ரெண்டு வீட்டில் கொடுக்கிறாங்க, போய்ச் சொல்லுறேன்.

நாட்டுநாய் முத்து

மதி தங்கச்சி, நான் கன்னியும் சிப்பிப்பாறையும் வளர்க்கிறவன், அதனால் தாய் நாயைப் பற்றிச் சொல்கிறேன், இதை யாரும் கேட்காமலே விட்டுவிடுகிறோம். குட்டி தரையில் வந்து மண்ணை நக்கித்தான் புழு பிடிக்கிறது என்று நினைப்பார்கள். நாய்க்கு அப்படி இல்லை, தாயின் சதைக்குள் உறங்கிக் கிடக்கிற குஞ்சுப் புழு சினையில் கடைசி மூன்று வாரத்தில் விழித்துக்கொண்டு வயிற்றுக்குள் இருக்கிற குட்டிக்கே போய்விடும். பிறந்து மூன்று வாரத்தில் அந்தக் குட்டி மலத்திலேயே முட்டை போடும். பால் வழியாகவும் வரும். தாயின் ரத்தத்தையும் மலத்தையும் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, அத்தனை சுத்தமாக இருக்கும், நானே தாய்க்கு ரிப்போர்ட் நன்றாக இருந்தும் குட்டி எல்லாம் வயிறு வீங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் நாங்கள் இரண்டு வாரத்தில் ஆரம்பித்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டு வாரம் வரைக்கும், அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை கொடுக்கிறோம், தாய்க்கும் சேர்த்தே கொடுக்கிறோம். குட்டி வாங்கும்போது மருந்துத் தேதி எழுதின சீட்டு கேளுங்கள், சீட்டு இல்லை என்றால் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

பூனையில் கருவில் ஏறாது, பாலில்தான் வரும் என்று டாக்டர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அப்புறம் எலி, பல்லி, கரப்பான் இவற்றைத் தின்றாலும் வரும், தெருவிலிருந்து வந்த பூனைக்கு அது தப்பவே தப்பாது.

சங்கரன்கோவில் சந்தையில் எடை மெஷின் கிடைக்காதா என்று கேட்காதீர்கள், பையில் குட்டியைப் போட்டு காய்கறிக் கடைத் தராசில் தூக்கிப் பிடித்தாலே போதும். கண்ணளவில் மூன்று கிலோ என்று நினைத்தது ஒன்றே முக்கால் கிலோதான் இருக்கும், பாதிப் பேர் மருந்தில் தடுமாறுவது இதனால்தான்.

சுத்தமல்லி மதி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இப்போதுதான் மூச்சு விடுகிறேன். ஈறு பார்த்தேன், வெளிர் ரோஸ், முழுசாக வெளுக்கவில்லை. மலம் கறுப்பாக இல்லை. வாலடியில் இரண்டு தெள்ளுப்பூச்சி அகப்பட்டது.

இன்னொரு பயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் தூக்கம் வராது. எங்கள் அண்ணன் மகன், மூன்று வயது, நாய்க்குட்டியை விட்டு நகர மாட்டான். வீட்டு வாசலில் கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் குவியல் கிடக்கிறது, பூனை ராத்திரி அதில்தான் போய்ச் சுரண்டி மூடிவிட்டு வரும், பகலில் பையன் அதிலேயே விளையாடி மண்ணை வாயில் போடுவான். அவனுக்கும் போன மாதம் சளிக்கு ரத்தம் பார்த்ததில் இயோசினோபில் கொஞ்சம் அதிகம் என்று எழுதியிருந்தது. இதுவும் அந்தப் புழுதானா?

அம்பை கால்நடை மருத்துவர்

மதி, குழந்தையைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், இந்தப் பூனை, நாய், மணல் மூன்றையும் அவரிடம் விட்டுவிடாமல் சொல்லுங்கள். குழந்தைக்கு இயோசினோபில் ஏற ஆஸ்துமா, அலர்ஜி, மனிதப் புழு, யானைக்கால் புழு என்று காரணங்கள் நிறைய, நாய்ப் புழுதான் என்று நாம் இங்கே முடிவு கட்ட முடியாது. ஆனால் நாய், பூனையின் உருண்டைப்புழுக் குஞ்சுகள் மனிதக் குழந்தையின் உடம்பில் வளராமலே ஈரலிலும் நுரையீரலிலும் சுற்றும், சில சமயம் கண்ணுக்கும் போகும் என்பது நிஜம். 1952இல் பீவர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, இயோசினோபில் எக்கச்சக்கமாக ஏறிய குழந்தைகளின் ஈரலில் இந்தக் குஞ்சுப் புழுவைக் கண்டு எழுதினார், அதற்கப்புறம்தான் உலகம் இதைக் கவனித்தது. குழந்தைக்கு மலப் பரிசோதனையில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அது குடலில் வளர்ந்து முட்டை போடுவதில்லை. தேவைப்பட்டால் எலைசா முறையில் எதிர்ப்புப் புரதம் பார்ப்பார்கள், கண்ணில் மங்கல், மாறுகண் என்று எதுவாவது தெரிந்தால் கண் மருத்துவரிடம் அன்றே போக வேண்டும்.

குட்டியைக் கொஞ்சுவதால் இது வருவது குறைவு. புதிதாகப் போட்ட மலத்தில் இருக்கிற முட்டை உடனே தொற்றாது, வெளியில் மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து உள்ளே குஞ்சு உருவான பிறகுதான் ஆபத்து. ஆகவே மலத்தை அன்றன்றைக்கே அள்ளி ஆழமாகப் புதைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். உங்கள் மணல் குவியல்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது, அது நிழலில் ஈரமாகக் கிடந்தால் முட்டை வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஐப்பசி மழை வேறு வரப்போகிறது. பினாயில் ஊற்றினால் சாகும் என்று நம்பாதீர்கள், அதன் ஓடு அவ்வளவு கெட்டி. கொதிக்கிற தண்ணீரும் கடுமையான வெயிலும்தான் அதைக் கொல்லும். குவியலை இன்றைக்கே தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கல் வைத்து மூடுங்கள், பூனைக்குத் தனியாக ஒரு தட்டில் மணல் வைத்து தினமும் மாற்றுங்கள். பையனுக்கு நகம் வெட்டி, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிற பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாட்டுநாய் முத்து

தங்கச்சி, மலத்தை அடர் உப்பில் மிதக்க வைத்துப் பார்க்க ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே போய்விடுங்கள், சுத்தமல்லியிலிருந்து பக்கம்தான். காலையில் போட்ட மலத்தை மூடியிருக்கிற டப்பாவில் எடுத்துக்கொண்டு சீக்கிரமே போய்விடுங்கள், வெயிலில் காய விட வேண்டாம், மண்ணில் விழுந்த பகுதியை எடுக்காதீர்கள், மண்ணில் வேறு புழுக்கள் இருக்கும். அந்தத் தெள்ளுப்பூச்சிக்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள், நாடாப்புழு வருவது அதை விழுங்கித்தான்.

சுத்தமல்லி மதி

நாளைக் காலை போகிறோம் அண்ணாச்சி, பூனையையும் கூட்டிப் போகிறேன். ரத்தம் மறுபடி எப்போது பார்க்க வேண்டும் டாக்டர்? மருந்து கொடுத்த மறுநாளே பார்க்கலாமா?

அம்பை கால்நடை மருத்துவர்

மறுநாள் பார்த்தால் காசுதான் வீண். இயோசினோபில் சட்டென்று இறங்காது, சதைக்குள் இருக்கிறது அடங்கி வர நாளாகும், மருந்து முடிந்து மூன்று நான்கு வாரம் கழித்து அதே லேப்பில், அதே முறையில் ஒருமுறை பாருங்கள். ஹீமோகுளோபினும் ஆல்புமினும் அதற்குள் ஏறியிருக்க வேண்டும், குட்டியின் எடை ஏறுவதை வாரா வாரம் தராசிலேயே பார்த்துவிடலாம். தெள்ளுப்பூச்சி போய், புழு மருந்தும் முழுசாக முடிந்து, அப்போதும் இயோசினோபில் 4,000இலேயே நின்றால் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள், வேறு காரணம் தேட வேண்டும். மருந்து கொடுத்த மறுநாளோ இரண்டாம் நாளோ மலத்தில் கொத்தாகப் புழு வந்தால் பயப்படாதீர்கள், குட்டி வாந்தி எடுத்து வயிறு இறுகிச் சோர்ந்து படுத்தால் மட்டும் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.